கல்லை நகர்த்தினது யாரு

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

போன் பண்ணிப் பண்ணி விரல் தேய்ஞ்சு போச்சு. நீங்க எடுக்கப்போறதில்லைன்னு இப்பத்தான் என் மரமண்டைல ஏறுச்சு. அதனால கடிதம். இதையும் பிரிக்காம கிழிச்சுப் போட்டீங்கன்னா, நேரா கிளம்பி வந்து நீங்க மருந்து எடுத்துக் குடுக்கிற ஆஸ்பத்திரி ஜன்னல் முன்னாடி நின்னு கத்துவேன். கத்துவேன்னு உங்களுக்கே தெரியும்.

சோம்பேறி தூங்கற சரிவுல சிவப்புக் கொடி நட்டுட்டாங்க. குடிதண்ணிக் குழாய் போகுதாம். கொடிக்கம்பு வரிசை நாம அடையாளத்துக்கு வச்ச வெள்ளைக் கல்லை உரசிக்கிட்டுப் போகுது. தண்ணிக்குன்னு வர்ற குழாயை வேண்டாம்னு எந்த வாயால சொல்றது? நானே வாரத்துல பாதி நாள் லாரித் தண்ணிக்குக் குடத்தோட நிக்கறவ.

சர்வேயர்கிட்ட போய்ப் பேசினேன். தொப்பி, குடை, முட்டி வலி, சிரிச்சா வரி கட்டணும்கிற மாதிரி ஒரு முகம். "செடியைக் காட்டுங்கம்மா, கோட்டைத் தள்ளிப் போடறேன்"னாரு. "இப்பக் காட்ட முடியாது சார், அது மண்ணுக்குள்ள கிழங்காத் தூங்குது. மழை வந்தாத்தான் எந்திரிக்கும். கொஞ்ச நாள் பூத்துட்டு மறுபடி படுத்துக்கும்"னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! "செடி இருக்கு, ஆனா இல்ல. சரிம்மா, தூங்கற இடத்தையாவது காட்டுங்க"ன்னாரு.

நம்ம செடிச் சங்கத்தை விட்டுப் போனவங்களுக்கு விதி மறந்திருக்கும், ஞாபகப்படுத்தறேன். காட்டுல ஒரு அபூர்வச் செடி இருக்கிற இடம் ரெண்டே ரெண்டு உறுப்பினருக்குத்தான் தெரியணும். எங்கயும் எழுதக்கூடாது, போன்ல பேசக்கூடாது, ஊர் பேரு, ஆள் பேரு, செடி பேரு எதுவும் கடிதத்துல வரக்கூடாது. மூணாவது ஆளுக்குக் காட்டணும்னா ரெண்டு பேரும் சம்மதிக்கணும். நாம சோம்பேறின்னு பேர் வச்ச இந்தச் செடிக்கு அந்த ரெண்டு பேர் நானும் நீங்களும். போன வருஷம் முதல் இடத்தைத் திருடன் சுரண்டிட்டுப் போனதுக்கப்புறம், உலகத்துலயே நமக்குத் தெரிஞ்ச சோம்பேறி இந்தச் சரிவுல இருக்கிறது மட்டும்தான்.

சம்மதம்னு ஒரு வார்த்தை எழுதுங்க. அது போதும். என்மேல இருக்கிற கோபத்தை அதுமேல காட்டாதீங்க.

அண்ணன் வேளைக்குச் சாப்பிடறாரா?

உங்க நாத்தனார்


பிப்ரவரி 16

செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சம்மதம் இல்லை.

காரணம் கேட்பீர்கள். சென்ற வருடம் முதல் இடம் காலியானபோது, உங்கள் தையல் கடை மாடியில் கூட்டம் போட்டீர்கள். நாற்றுப் பைகளுக்கு நடுவில் சங்கமே உட்கார்ந்திருந்தது. நீங்கள் எழுந்து, "அந்த இடம் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டீர்கள். என் பெயரை நீங்கள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்த தலைவர்கூட டம்ளரை நீட்டியபடி வேறு எங்கோ பார்த்தார்.

நான் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டு பேரில் நான் இல்லை என்றால் பாக்கி யார்? அன்று சபையில் கேட்கவில்லை. உங்கள் அண்ணன் முகத்துக்காக விட்டேன். இன்று கேட்கிறேன்.

கையில் கோப்பு வைத்திருக்கும் எவருக்கும் அந்த இடத்தைக் காட்டச் சம்மதிக்க மாட்டேன். அவர் தன் மேலதிகாரிக்குச் சொல்வார், அவர் டீ குடிக்கும்போது இன்னொருவருக்குச் சொல்வார், அடுத்த வாரம் எவனாவது சாக்குப் பையோடு வந்து நிற்பான்.

உங்கள் அண்ணன் சாப்பிடுகிறார்.

இப்படிக்கு,
முன்னாள் உறுப்பினர்


பிப்ரவரி 21

அண்ணி,

"உங்கள்", "நீங்கள்", "அவர்களுக்கு". கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து என்னை வாடி போடின்னு கூப்பிட்ட வாய் அது. உங்க எழுத்து இப்படிச் சுத்தமா இருந்தா உள்ள எரியுதுன்னு அர்த்தம். எரியட்டும். எனக்கும்தான் எரியுது.

நான் சொல்லல. எங்க அம்மா மேல சத்தியமா சொல்லல. என் வீட்டுக்காரருக்கே தெரியாது. எத்தனை தடவை கேட்டிருப்பார், "வாராவாரம் மண்வெட்டி இல்லாம, கூடை இல்லாம ரெண்டு பேரும் எங்கதான் போறீங்க"ன்னு. மாற்றல் வந்துச்சுன்னு சொல்லிட்டுப் போனீங்களே, அது வந்ததில்ல, நீங்களே கேட்டு வாங்கினதுன்னு அண்ணன் போன்ல உளறிட்டாரு. குத்தம் இல்லாதவங்க எதுக்கு ஊரை விட்டு ஓடணும்?

மண் தோண்டற மிஷின் வந்து சரிவுக்குக் கீழ நிக்குது. அதோட டிரைவர் நிழல்ல படுத்து நல்லாக் குறட்டை விடறான். எனக்குத்தான் தூக்கம் இல்ல. துணி வெட்டும்போது கை தடுமாறி ஒரு கல்யாண ரவிக்கையோட கழுத்தை வயித்து வரைக்கும் இறக்கிட்டேன்.

நீங்க சம்மதிச்சாலும் சரி, சம்மதிக்கலைன்னாலும் சரி. புதன்கிழமை சர்வேயரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டப்போறேன். விதியை மீறினேன்னு சங்கத்துல எழுதிப் போடுங்க. செயலாளர் வேலையை விட்டுத் தூக்கட்டும். என் காலத்துல அது செத்துச்சுன்னு மட்டும் இருக்கக்கூடாது.

நாத்தனார்


பிப்ரவரி 27

உன் கடிதம் கிடைத்தது. 'நீ' என்றே எழுதுகிறேன். மரியாதை கொடுத்து எழுதினால் உனக்குத் தாங்கவில்லை.

தாராளமாகப் போய்க் காட்டு. கண்டுபிடிக்க முடிந்தால்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஒருநாள் தனியாகச் சரிவுக்குப் போனேன். செடி வாடிப் படுத்துவிட்டிருந்தது. மேலே காய்ந்த புல் தவிர ஒன்றும் இல்லை. கல்லைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். நீ நிற்கப்போகும் இடத்தில் சோம்பேறி இல்லை.

உன்னிடமிருந்து மறைக்கத்தான் நகர்த்தினேன். முதல் இடத்தைப் பற்றி நீதான் யாரிடமோ சொன்னாய் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மறுபடி அந்த நிலைமை வந்தால் மறுபடி நகர்த்துவேன்.

அண்ணி


மார்ச் 4

ஐயோ அண்ணி! ஐயோ!

உங்க கடிதம் வெள்ளிக்கிழமை வருது. நான் அவரைக் கூட்டிட்டுப் போனது புதன்கிழமை.

என்ன ஆச்சு தெரியுமா? அந்த மனுஷன் குடையை ஊன்றுகோலாக்கி, முட்டியைப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு அடிக்கும் "அம்மா, அப்பா"ன்னு முனகிட்டே ஏறி வந்தாரு. நான் பெரிய இவளாட்டம் முன்னாடி நடந்து போய், "இங்கதான் சார், கால் வைக்காதீங்க"ன்னேன். அவர் குத்துக்கால் போட்டு உக்காந்து குச்சியால மெதுவா மண்ணைத் தள்ளினாரு. ஒண்ணுமில்ல. பக்கத்துல தள்ளினாரு. ஒண்ணுமில்ல. ஒரு எறும்புகூட இல்ல. நிமிர்ந்து, கொஞ்சம் தள்ளிக் கிடந்த நம்ம கல்லைக் காட்டி, "இந்தச் சரிவு முழுக்கக் கறுப்புக் கல்லுதான். ஆத்துல கிடக்கிற வெள்ளை உருண்டைக் கல்லு அதொண்ணு மட்டும் எப்படிம்மா இங்க வந்துச்சு?"ன்னாரு. நாமதான் வச்சோம்னு சொல்லவா முடியும்? என்னைப் பைத்தியம்னே முடிவு பண்ணிட்டாரு.

இன்னொண்ணு கேளுங்க. கேட்டுட்டு நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. நானும் கல்லை நகர்த்தியிருக்கேன்.

நீங்க ஊரை விட்டுப் போனதுக்கு அடுத்த வாரம். நீங்க திரும்பி வந்து யாருக்காவது காட்டிடக்கூடாதுன்னு. அது சரியான இடத்துல இருக்குன்னு நம்பித் தூக்கி, தப்பான இடத்துல கொண்டுபோய் வச்சேன். இப்பத்தானே தெரியுது, அது ஏற்கனவே தப்பான இடத்துலதான் இருந்துச்சுன்னு! அன்னைக்கு நான் சர்வேயரைக் கூட்டிட்டுப் போனது, நான் எடுத்த இடத்துக்கு. அது நீங்க வச்ச இடம். படிச்சுட்டு முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உக்காந்து அழுதேன். நான் எங்கேருந்து எடுத்தேன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். நீங்க எங்கேருந்து எடுத்தீங்கன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நம்மள மாதிரி ரெண்டு புத்திசாலிங்க கிடைக்க அந்தச் செடி என்ன பாவம் பண்ணுச்சோ.

அப்படியும் சர்வேயர் இந்த மாசம் இருபதாம் தேதி வரைக்கும் பொறுக்கறேன்னாரு. வாங்க. இல்லன்னா எழுதவாவது எழுதுங்க.

நாத்தனார்


மார்ச் 9

நான் எழுத மாட்டேன். இடத்தைத் தபாலில் எழுதுவதில்லை என்ற விதியைப் போட்டதே நீதான்.

உண்மையைச் சொல்கிறேன். உன் கடிதத்தை நான் முழுதாக நம்பவில்லை. நீயும் நகர்த்தினாய் என்பது என் வாயைக் கிளற நீ கட்டிய கதையாகக்கூட இருக்கலாம். இப்படி நினைப்பது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் நினைப்பு வருகிறதே, என்ன செய்ய? மாத்திரை எண்ணும்போது வருகிறது. உங்கள் அண்ணனுக்கு மோர் ஊற்றும்போது வருகிறது. அவர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒரு கல்லு. ஆளாளுக்குத் தூக்கித் தூக்கி வைங்க" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

ஒன்று செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். யாருக்கும் தெரியாமல் மொத்தக் கிழங்கையும் தோண்டி உன் மாடிக்குக் கொண்டுபோய்விடுவோம். தொட்டியில் வளரட்டும். அதிகாரியும் வேண்டாம், கொடியும் வேண்டாம். காட்டிலிருந்து தோண்டக்கூடாது என்ற விதியை இந்த ஒரு முறை மீறலாம்.

இதற்குச் சரி என்றால் எழுது. உடனே புறப்படுகிறேன்.

அண்ணி


மார்ச் 13

அண்ணி,

விரைவுத் தபால்ல அனுப்பறேன். தொட்டில அது உயிரோட இருக்காது. திருடன் அவசரத்துல சிந்திட்டுப் போன கிழங்கைப் பொறுக்கிக் கொண்டாந்து மாடில வச்சோமே, ஞாபகம் இல்லையா? கோலிக்குண்டு மாதிரி இருந்தது ஒவ்வொண்ணா கூழாப் போச்சு. அந்தச் சரிவு மண்ணுல இருக்கிற ஏதோ ஒரு பூஞ்சை ஊட்டினாத்தான் அது திங்கும். நம்ம கையால ஊட்டினா திங்காது. அன்னைக்குக் கடைசிக் கிழங்கை உங்க உள்ளங்கைல வச்சுக்கிட்டு அழுதது நீங்கதான். தோண்டினா நாமளே கொன்னதாயிடும்.

தேதியை முன்னாடி இழுத்துட்டாங்க. வியாழக்கிழமை காலைல மிஷின் ஏறுது. என்னை நம்ப வேண்டாம். எனக்காக வரவும் வேண்டாம். என் மூஞ்சியைப் பார்க்காமலே வந்துட்டுப் போங்க. நான் விடியும்போதே போய்ச் சரிவுக்குக் கீழ நிப்பேன். மிஷினுக்கு முன்னாடி படுக்கணும்னா படுப்பேன். ஆனா எந்த இடத்துல படுக்கறதுன்னு எனக்குத் தெரியாதே அண்ணி.


மார்ச் 18

வந்து சேர்ந்துட்டேன். பஸ்ல வந்த அலுப்பு இன்னும் தீரல. உங்க அண்ணன் நான் இல்லாத நாலு வேளையும் ரொட்டியும் பாலுமா ஓட்டியிருக்கார்.

அன்றைக்கு நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டதை ஒரு தபால்தலைக்குப் பின்னால் எழுதிவிடலாம். "வாங்க." "ம்." "கல்லை நான் தூக்கறேன்." "தூக்கு." நீ அதை இடுப்பில் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போய், நீ எடுத்த இடத்தில் வைத்தாய். அது நான் வைத்துவிட்டுப் போன இடமேதான். நீ பொய் சொல்லவில்லை. பிறகு நான் அதைத் தூக்கி, நான் எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். எப்படி அடையாளம் கண்டேன் என்று இதில் எழுத மாட்டேன். கொடிக்கம்புகளுக்கு நட்டநடுவில் இருந்தது அந்த இடம். கீழே மிஷினைக் கிளப்பிவிட்டு அந்த டிரைவர் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

சர்வேயர் நம் கூத்தை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது சொன்னாரே, கேட்டாயா? "எல்லைக் கல்லை நட்டுட்டா அது நகரக்கூடாது. அதைப் பார்த்துக்கறதுதான் வேலைல சேர்ந்த நாள்லேர்ந்து என் பொழப்பு. நீங்க என்னன்னா ஆளுக்கொரு தடவை தூக்கிட்டுத் திரியறீங்க." எனக்குச் சுருக்கென்றது.

"கண்ணால பார்த்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்று சொல்லிவிட்டார். நீ என் பக்கம் திரும்பினாய். அதனால்தான் நான் உட்கார்ந்தேன். எந்தக் கோப்புக்காரனுக்கும் காட்ட மாட்டேன் என்று எழுதிய நானே, கொண்டை ஊசியை எடுத்து மண்ணை நெண்டினேன். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியவில்லை. அப்புறம் அது. உருண்டையா, மண்ணு ஒட்டிக்கிட்டு, உச்சில பால்பல்லு மாதிரி ஒரு வெள்ளை முளை. அந்த மனுஷன் தொப்பியைக் கழற்றிட்டார். நீ பார்த்தியா அதை? முட்டி வலியோட மண்டி போட்டுக் குனிஞ்சு பார்த்துட்டு, "மூடுங்கம்மா, மூடுங்க, வெயில் படுது"ன்னார். அவரே போய்க் கம்புகளைப் பிடுங்கிக் கீழே தள்ளி நட்டார்.

ஆனால் இதையும் கேள். இப்போது அந்த இடம் இரண்டு பேருக்குத் தெரிந்த இடமில்லை. அவருக்குத் தெரியும். டிரைவருக்குத் தெரியும். கம்பு சுமந்து வந்தவனுக்குத் தெரியும். மிஷின் ஏறிவிடக்கூடாது என்று அந்த வெள்ளைக் கல்லைச் சரியான இடத்திலேயே, எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி வைத்துவிட்டு வந்திருக்கிறோம். எனக்குப் பயமாக இருக்கிறது.

பஸ் ஏறும்போது நீ ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய். நானும்தான். கண்டக்டர் விசில் ஊதிவிட்டான். ஊதாவிட்டாலும் நாம் சொல்லியிருக்க மாட்டோம். முதல் இடத்தைச் சொன்னது யார் என்ற கேள்வி நமக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அண்ணி


மே 11

உங்க வாய் முகூர்த்தம் பலிச்சுடுச்சு. சந்தோஷமா?

குழாய் புதைச்சு, மிஷின் போய், எல்லாம் அடங்கிடுச்சுன்னு இன்னைக்கு ஏறிப் போனேன். கல்லைப் புரட்டித் தள்ளிட்டுச் சுத்திக் குழி. மாட்டைப் புதைக்கலாம், அவ்வளவு பெருசு. கடப்பாறை போட்டுப் பேர்த்திருக்கான். ஓரத்துல ஒரு சாக்குக் கந்தல் கிடக்குது. ஒரு கிழங்கைக்கூட விட்டுவைக்கல. குழிக்குள்ள இறங்கி மண்ணைக் கையால சலிச்சுப் பார்த்தேன். நகத்துல ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

எல்லாம் போச்சு அண்ணி. இனிமே எங்கயும் கிடையாது. நான்தான் காட்டச் சொன்னேன். நீங்க வேண்டாம்னீங்க. நான் வம்பு பண்ணி உங்களை வரவச்சு உங்க கையாலயே காட்ட வச்சேன்.

அந்தச் சர்வேயரை விடப்போறதில்ல. நாளைக்கு ஆபீஸ் திறந்ததும் போய் அவர் சட்டையைப் பிடிச்சு நாலு பேர் முன்னாடி கேக்கறேன்.

சங்கத்துல யார்கிட்டயும் சொல்லல.


மே 17

அடியே,

உன் கடிதத்தைப் படிச்சுட்டு ஜன்னலைச் சாத்திட்டு உள்ள போயிட்டேன். மருந்து வாங்க நின்னவங்க ஜன்னலைத் தட்டிட்டே இருந்தாங்க. சந்தோஷமான்னு கேக்கறியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? நான் ஜெயிக்கவா வேண்டாம்னேன்?

இந்தத் தடவை யாருன்னு நான் கேக்கப்போறதில்ல. கேட்டுக் கேட்டு ஒரு வருஷமா உன்னைத் தொலைச்சிருக்கேன். காட்டினது தப்புன்னா, ஊசியைப் பிடிச்ச கை என்னோடது. காட்டாம இருந்திருந்தா மிஷின் தின்னிருக்கும். நீ அதைப் போட்டுத் தலைல தூக்கிக்காதே.

அந்த மனுஷன் சட்டையைப் பிடிக்காதே. பிடிச்சிருந்தா விட்டுடு. நகத்துக்கு மருந்து போட்டியா?

அண்ணி


ஜூன் 19

அண்ணி, அண்ணி, அண்ணி!

எந்திரிச்சுடுச்சு!

முந்தாநாள்லேர்ந்து மழை. எனக்குப் போகவே மனசில்ல. குழியில தண்ணி நிக்கறதைப் போய் என்னத்தைப் பார்க்கறதுன்னு படுத்துக் கிடந்தேன். என் வீட்டுக்காரர்தான், "போய்ப் பார்த்துட்டாவது அழு, இங்க உக்காந்து அழாதே"ன்னு விரட்டினாரு. போனேன். குழியைப் பார்க்கப் பிடிக்காம, கொண்டை ஊசியோட நீங்க உக்காந்த இடத்துல போய் நின்னேன். கால்கிட்ட என்னமோ பச்சையா. குனிஞ்சா, சோம்பேறி! ஒண்ணு பக்கத்துல ஒண்ணு, அது பக்கத்துல இன்னொண்ணு. எல்லாம் தலையைத் தூக்கிட்டு, ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி! நான் எங்க காலை வைக்கறதுன்னு தெரியாம ஒத்தக்கால்ல நின்னேன்.

திருடன் தோண்டினது வேற இடம். கல்லு அங்க இருந்துச்சு, அதனால அங்க தோண்டியிருக்கான். அன்னைக்கு எனக்குக் கண்ணு இருட்டிப் போனதுல, குழாய் மண்ணு வேற குவிஞ்சு கிடந்ததுல, நான் இடத்தைப் பார்க்கவே இல்ல. அவனை மாதிரியே நானும் கல்லைத்தான் பார்த்திருக்கேன்.

மழைலயே உக்காந்து யோசிச்சேன். அவனுக்கு யாராவது இடம் சொல்லியிருந்தா சரியான இடத்துல தோண்டியிருப்பான். சொல்லல. கறுப்புச் சரிவுல வெள்ளைக் கல்லு ஒண்ணு தனியா உக்காந்திருந்தா, இங்க என்னமோ இருக்குன்னு போற வர்றவனுக்கெல்லாம் சொல்லுதே. சர்வேயருக்கே முதல் நாள் கண்ணுல குத்துச்சு. முதல் இடத்துலயும் இதே மாதிரி வெள்ளைக் கல்லு வச்சோம் அண்ணி. ஆத்துக்குப் போய்ப் பொறுக்கி, "அழகா இருக்குடி"ன்னு நீங்க சொல்ல, நான் சுமந்துட்டு வந்தேன். யாரும் சொல்லல. நீங்க சொல்லல. நான் சொல்லல. அந்தக் கல்லுதான் காட்டிக் குடுத்துச்சு.

அத்தனை பேர் முன்னாடி உங்களைத் தலைகுனிய வச்சேனே. இனிமே என்ன எழுதினாலும் அதுக்கு ஈடாகாது. ஞாயித்துக்கிழமை கூட்டத்தைக் கூட்டி, அதே மாடில, அதே இடத்துல எந்திரிச்சு நின்னு, அண்ணி சொல்லலைன்னு சொல்லப்போறேன். நீங்க மன்னிக்க வேண்டாம். ஆனா சண்டை போடவாவது வாங்க.

ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கல்லை எப்ப நகர்த்தினீங்க? பஸ்ஸுக்கு நேரமாச்சு நேரமாச்சுன்னு பறந்தீங்களே, எந்த நேரத்துல? நீங்க நகர்த்தாம இருந்திருந்தா எல்லாம் போயிருக்கும். நான் வேற அநியாயமா அந்தச் சர்வேயரை அவர் ஆபீஸ்ல வச்சுக் கிழிகிழின்னு கிழிச்சுட்டேன். உங்க கடிதம் வர்றதுக்குள்ள போய்ட்டேன். பாவம், ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. தொப்பியைத் துடைச்சுக்கிட்டே, "மழை வரட்டும்மா"ன்னாரு. அவ்வளவுதான்.

உங்க நாத்தனார்


ஜூன் 25

அடியே,

உன் கடிதத்தைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள ஓடி வந்தேன், உங்க அண்ணன் யாரோ செத்துட்டாங்கன்னு நினைச்சு எந்திரிச்சு நின்னுட்டார். எந்திரிச்சுடுச்சுங்க எந்திரிச்சுடுச்சுங்கன்னு நான் சொல்ல, "நான்தான் எந்திரிச்சுட்டேனே"ங்கறார். அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். நீ எழுதினதை மறுபடி மறுபடி படிச்சேன். நான் சொல்லலைன்னு என்னைத் தவிர இன்னொருத்தர் சொல்லிக் கேக்க எனக்கு இத்தனை நாளாச்சு. நானும் உன்னைத்தான் நினைச்சேன்டி. ஒரு வருஷமா தினமும் உன்னைத்தான் நினைச்சேன். அதை எங்க கொண்டுபோய்க் கழுவறது?

கூட்டம் போட்டியா? அத்தனை பேரும் இருந்தாங்களா? தலைவர் முகம் எப்படி இருந்துச்சு?

ஆனா நீ ஒண்ணைத் தப்பா எழுதியிருக்கே. நான் கல்லை நகர்த்தலடி. வச்சதை வச்சபடி விட்டுட்டு, திரும்பிக்கூடப் பார்க்காம பஸ்ஸுக்கு வந்தேன். நீதான் எனக்குத் தெரியாம நகர்த்தியிருக்கேன்னு உன் கடிதத்தைப் படிக்கப் படிக்க நினைச்சுட்டே வந்தேன். கடைசில பார்த்தா நீ என்னைக் கேக்கறே!

நீ இல்ல. நான் இல்ல. அப்புறம் "மழை வரட்டும்மா"ன்னு சொன்ன இடத்துக்கு வந்ததும் கடிதத்தை மடியில வச்சுட்டேன்.

கல்லு நகரக்கூடாதுன்னு காலமெல்லாம் காவல் காத்த மனுஷன். அந்த முட்டியை வச்சுக்கிட்டு, மிஷின் போனதுக்கப்புறம் தனியா ஏறி, அவ்வளவு கனத்தைத் தூக்கியிருக்கார். உன்கிட்ட அத்தனை பேச்சு வாங்கினப்பக்கூட, ஆபீஸ்ல நாலு காது கேக்குமேன்னு வாயைத் திறக்கல. நானும் நீயும் போட்ட விதியை நம்மளைவிட நல்லாக் காப்பாத்தினது அவர்தான். நீ போய் அவர்கிட்ட எதுவும் கேக்காதே. நன்றின்னும் சொல்லாதே. செடி எந்திரிச்சுடுச்சுன்னு மட்டும் சொல்லு. முட்டிக்கு நான் ஒரு தைலம் குடுத்தனுப்பறேன், அதைக் குடு.

ஞாயித்துக்கிழமை காலை பஸ்ல வர்றேன். உங்க அண்ணனும் வர்றார். இனிமே எந்தச் சரிவுலயும் கல்லு வேண்டாம். அந்த வெள்ளைக் கல்லைத் தூக்கிட்டு வந்து உன் கடை வாசல்ல போட்டு வை. நான் வந்து அதுமேல உக்காந்துதான் உன்கிட்ட சண்டை போடணும்.

உன் அண்ணி